நூற்று இருபத்தேழாவது கார்டு

பிப்ரவரி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, ஆண்கள் தொழில்முறை கோல்ஃப் டூரின் அந்த வருடத்துப் பருவம் கோயம்புத்தூரில் தொடங்கிய நாளில், நூற்று இருபத்தாறு பேர் மூன்று மூன்று பேராக நாற்பத்திரண்டு குழுக்களாய்க் கிளம்பிப் போய், வெயிலில் வெந்து, பதினெட்டுக் குழிகளையும் முடித்துத் திரும்பி வந்து, கூடாரத்தில் ஒப்படைத்த அடிக்கணக்குக் கார்டுகளைத் தலைமை நடுவர் வேதமுத்து எண்ணிப் பார்த்தபோது நூற்று இருபத்தேழு இருந்தன. அவர் பாளையங்கோட்டையில் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் என்பதால் மறுபடி எண்ணவில்லை, யார் மேல் சந்தேகப்படுவது என்று மட்டும் யோசித்தார்.

அதிகப்படியான கார்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயர் எல். பூவராகன். மொத்தம் எழுபத்திரண்டு அடி, அந்த மைதானத்துக்கென்று வகுத்த கணக்கும் அதேதான். ஒன்பதாம் குழியில் ஓர் அடி அதிகம் போயிருந்தது, பதினாறில் ஓர் அடி மிச்சம் பிடித்திருந்தது. கீழே ஆடியவரின் கையெழுத்து, பக்கத்தில் மார்க்கரின் கையெழுத்து.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எல்லாக் குழிகளையும் குறைந்த அடியில் முடித்தவனே ஜெயித்தவன். இந்த விளையாட்டில் ஒருவன் எத்தனை அடியில் குழியை முடித்தான் என்பதை அவன் எழுதக் கூடாது, கூட ஆடுகிறவன்தான் எழுத வேண்டும். எழுதுகிறவனுக்கு மார்க்கர் என்று பெயர். பதினெட்டும் முடிந்தபின் மார்க்கரும் ஆடியவனும் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நாலரை மணி நேரம் நடந்ததெல்லாம் காற்றோடு போகும். ஒருவனை இன்னொருவன் கண்காணிப்பதற்கென்று ஏற்பட்ட இந்த அழகான ஏற்பாடு நெடுநாள் பழக்கத்தில் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகியிருந்தது: குழி முடிந்ததும் மார்க்கர் பென்சிலை எடுத்துக் கார்டைப் பார்த்துக்கொண்டே "என்ன?" என்பான், "நாலு" என்று பதில் வரும், நாலு என்று எழுதுவான். தலையை நிமிர்த்திப் பார்ப்பது மரியாதை இல்லை. நிமிர்த்தினால் சந்தேகப்படுகிறான் என்று அர்த்தம், சந்தேகப்படுவதற்கென்றே ஏற்பட்ட வேலையில் சந்தேகப்படுவதைப் போல அவமானம் வேறில்லை.

பூவராகனின் கார்டில் மார்க்கராகக் கையெழுத்திட்டிருந்தவர் பெங்களூர் ஷௌக்கத். அவர் அன்று ஆடிய குழுவில் மற்ற இருவர் ஒரு சண்டிகர்க்காரரும் கோத்தகிரிப் பக்கத்து ஹாலனும். ஷௌக்கத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தார் வேதமுத்து.

"இது உம்ம கையெழுத்துதானவே?"

ஷௌக்கத் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நம்ம கையெழுத்துதான் சார். ஏழு போடறப்ப நடுவுல கோடு போடுவேன், அதுவும் இருக்கு."

"பின்ன எழுதியிருக்கீரு."

"எழுதல சார்."

"ரெண்டில ஒண்ணு சொல்லும்."

"ரெண்டும்தான் சார் நெசம்," என்றார் ஷௌக்கத். "ஒவ்வொரு குழியிலயும் 'என்ன'ன்னு கேட்டேன். பதில் வந்துச்சு. எழுதினேன். ஒரு வாட்டி கேட்டேனா ரெண்டு வாட்டி கேட்டேனான்னு கேட்டா எப்டி சொல்றது?"

அதில் தப்புச் சொல்ல முடியவில்லை. விதிப்புத்தகத்தை வேதமுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அன்று மாலைக்குள் படித்துப் பார்த்தார். இரண்டு கையெழுத்தும் உள்ள கார்டை ஏற்கக் கூடாது என்று எங்கும் இல்லை, ஆடியவன் இருந்தே ஆக வேண்டும் என்றும் எங்கும் இல்லை, அதை எழுதத் தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. இரண்டு நாள் ஆட்டத்துக்குப் பின் முதல் ஐம்பது பேரை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவர்களை ஊருக்கு அனுப்புவது வழக்கம். பூவராகன் நாற்பத்தேழாவதாக நின்றார், ஜாம்ஷெட்பூர்க்காரர் ஒருவர் ஒரே ஓர் அடியில் ஐம்பத்தொன்றாகி ரயிலேறினார், ஏறும்போது யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் திட்டினார்.

மைசூரிலும் வந்தது. அகமதாபாதில், ஜெய்ப்பூரில், மழையில் பாதி கரைந்த அஸ்ஸாமின் டிக்பாயில், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒரு கார்டு அதிகமாக வந்தது. ஒவ்வொரு தடவையும் வேறொரு மார்க்கர், ஒவ்வொரு மார்க்கரும் அது தன் எழுத்துதான் என்று ஒத்துக்கொண்டார், ஒவ்வொருவரும் தான் எழுதவில்லை என்றார். பூவராகன் ஒரு வாரம்கூட ஜெயிக்கவில்லை. எழுபத்தொன்று, எழுபத்து மூன்று, எழுபது, மறுபடி எழுபத்தொன்று. ஊர் ஊராகப் போகிற நூற்றுச் சொச்சம் பேரின் சந்தேகம் முழுக்க இதன்மேல்தான் போய் விழுந்தது. சாமியாக இருந்தால் ஜெயித்திருக்கும். பேயாக இருந்தால் பதினாலாம் குழியில் பந்தைத் தண்ணீரில் போட்டிருக்காது. இவ்வளவு சாதாரணமாக ஆடுகிறவன் மனிதன்தான், மனிதன் என்றால் யாரோ ஒருத்தருடைய ஆள்தான். ஆக யாருடைய ஆள் என்பதே கேள்வியாகி, ஒருவர் சாப்பிடுகிற மேசையில் இன்னொருவர் உட்காரும்முன் சுற்றிப் பார்க்கத் தொடங்கினார்.

ஆனாலும் டூர் என்பது பிழைப்பு, பிழைப்பில் எதற்கும் ஓர் இடம் கிடைத்துவிடும். சண்டிகரில் பூவராகன் ஆடிய குழு இருபது நிமிடம் பின்தங்கியது. நிதானமாக ஆடினால் எச்சரிக்கை அனுப்ப வேண்டும் என்பது விதி, அந்தக் குழுவிலிருந்த மூன்று பேரும் தாமதம் தங்களால் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள், எனவே பூவராகனுக்கு ஒரு கடிதம் தயாராகி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. அடுத்த வாரத்திலிருந்து அவர் இருந்த குழுக்கள் நேரத்துக்கு முடித்தன. இதற்குப்பின் அவர் இல்லை என்று சொல்வது அலுவலகத்துக்குக் கஷ்டமாகிவிட்டது. கல்கத்தாப் போட்டியிலிருந்து அவர் பெயரைப் பட்டியலில் முறையாக அச்சடித்து, கிளம்பும் நேரமும் கொடுத்தார்கள். ஹோட்டலில் ஓர் அறை போட்டார்கள். காலையில் படுக்கை கசங்காமல் இருந்ததென்று ஒரு கட்சியும், கசங்கியதை யாரோ சரிசெய்திருந்தார்கள் என்று இன்னொரு கட்சியும் உருவாகின. பை தூக்குகிற ஆட்களுக்குக் கேடி என்று பெயர், இது ஆங்கிலச் சொல்தான், காவல் நிலையத்துச் சொல் அல்ல. அவர்கள் மட்டும் ஒரே குரலில், அந்த ஆளுக்குப் பை தூக்கியது நாங்கள் யாரும் இல்லை, தன் பையைத் தானே தூக்குகிற கஞ்சன் அவன் என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

வேதமுத்து ஓர் உத்தரவு போட்டார்: எண்ணிக்கையைக் கேட்கும்போது மார்க்கர் தலையை நிமிர்த்தி ஆடியவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். இது நடைமுறைக்கு வந்த முதல் வாரத்தில் நாலு அடிதடியும் எட்டுக் கோபமும் விளைந்தன. பதினைந்து வருடம் ஒன்றாக ஆடியவர்கள் "என்னைப் பாத்துக் கேட்டான் சார்" என்று புகார் கொடுத்தார்கள். பூவராகனின் கார்டு மட்டும் வழக்கம்போல் வந்தது. அவரைப் பார்த்த மார்க்கர்களை விசாரித்தபோது, குட்டையானவர் என்றார் ஒருவர், இடது கைக்காரர் என்றார் மற்றவர், மீசை உண்டு, மீசை கிடையாது, ஷௌக்கத் மட்டும் நேர்மையாக, "தொப்பி பாத்தேன் சார். தொப்பிக்குக் கீழ பாக்கறதுக்குள்ள எழுதிட்டேன், பழக்கம்," என்றார்.

அக்டோபர் பிறந்தபோது இந்த விவகாரம் ஒரு மனிதனின் கழுத்தில் வந்து உட்கார்ந்தது. பருவம் முடியும்போது புள்ளிப் பட்டியலில் முதல் அறுபது பேருக்கு அடுத்த வருடமும் டூரில் ஆடும் உரிமை உண்டு. அறுபத்தொன்றாவது ஆளுக்குக் கிடையாது. அறுபதாவது இடத்தில் பூவராகன் இருந்தார். அறுபத்தொன்றில் ஹாலன்.

ஹாலனுக்கு நாற்பத்து மூன்று வயது. கோத்தகிரிக்கு மேலே ஒரு ஹட்டியில், அதாவது படுகர் சிற்றூரில் பிறந்து, பக்கத்து கிளப்பில் பதினெட்டு வருடம் பை தூக்கி, மெம்பர்கள் வீசியெறிந்த பழைய மட்டைகளில் ஆடப் பழகி, முப்பத்து நாலு வயதில் டூருக்குள் நுழைந்தவன். ஒன்பது பருவம் ஆடியதில் ஒரு தடவையும் ஜெயித்ததில்லை, ஒரு தடவையும் அறுபதுக்குக் கீழே போனதுமில்லை. அந்த கிளப்புக்கு இரண்டு வாசல். மெம்பரும் தொழில்முறை ஆட்டக்காரரும் முன்வாசலில் போகலாம். கேடிகள் குதிரை லாயத்தை ஒட்டிய பின்வாசலில்தான் போக வேண்டும். உரிமை போய்விட்டால் தகுதிச் சுற்றில் ஆறு நாள் தொடர்ந்து ஆட வேண்டும். அவன் வலது தோள் நாலு நாளுக்குமேல் தாங்காது என்பது அவனுக்கும் அவன் கேடி ராயப்பனுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அதற்கப்புறம் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான், அதற்கு வழி பின்வாசல்தான்.

"இது வேணும்னு பண்றதுண்ணே," என்றான் ராயப்பன். அவனும் அதே பின்வாசலில் பதினைந்து வருடம் போய்வந்தவன். "நம்மள மாதிரி ஆளுங்கள வெளிய தள்ளணும். நேரா தள்ளினா கேள்வி வரும். ஆளே இல்லாம ஒருத்தன வெச்சுத் தள்ளினா யாரைக் கேப்பீங்க?"

"யாரு பண்றா?"

"வாத்தியார்தான். கார்டு அவர் கையிலதான இருக்கு."

வாத்தியாருக்கோ ஹாலன்மேல்தான் கண். பூவராகன் முதலில் தோன்றியது ஹாலன் இருந்த குழுவில். இருவரும் எப்போதும் ஓர் அடி, இரண்டு அடி வித்தியாசத்தில்தான் முடித்தார்கள். இதனால் ஹாலனுக்கு நஷ்டம்தானே என்று ஷௌக்கத் கேட்டதற்கு வேதமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நஷ்டம் வாரது மாதிரி வேலை பண்ணுதவன்தான் கெட்டிக்காரன்," என்றார்.

பருவத்தின் கடைசிப் போட்டி நவம்பரில் பெங்களூரில். மூன்று நாள் முடிந்தபோது ஹாலனும் பூவராகனும் ஒரே எண்ணிக்கையில் நின்றார்கள். கடைசி நாள் இரண்டிரண்டு பேராக, எண்ணிக்கை வரிசையில் அனுப்புவார்கள். வரிசை வரிசைதான், அதை மாற்ற வேதமுத்துவுக்கே அதிகாரம் இல்லை. பலகையில் ஒட்டியிருந்தது: ஒன்பது நாற்பது, ஹாலன், பூவராகன். புள்ளிகளில் பூவராகன் மயிரிழை முன்னால் இருந்ததால் இருவரும் சமமாக முடித்தாலும் அறுபதாவது இடம் பூவராகனுக்கு. ஹாலன் ஓர் அடியாவது குறைவாக முடிக்க வேண்டும்.

பலகையைப் பார்த்துவிட்டு ஹாலன் நேராக வேதமுத்துவிடம் போனான். "சார், அந்த ஆளு இல்லைன்னு நான் எழுதித் தரேன்."

"தாராளமா. உமக்கு மார்க்கர் யாரு?"

ஹாலன் பலகை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"ரெண்டு பேர் ஆட்டம். நீர் அவருக்கு எழுதணும், அவர் உமக்கு எழுதணும். அவர் இல்லைன்னா உம்ம கார்டில கையெழுத்து இல்ல. கையெழுத்து இல்லைன்னா நீரும் இல்ல." வேதமுத்து ஒரு கணம் அவனை உற்றுப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லும். உமக்குத் தெரியாததா?"

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு ஹாலன் முதல் அடியை அடித்தான். பிறகு ஒதுங்கி, மட்டையை ஊன்றி, ஒருவர் அடிப்பதற்கு ஆகும் நேரம் நின்றான். அடுத்த ஜோடியில் காத்திருந்த ஷௌக்கத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். முதல் குழியில், அதைச் சுற்றியிருந்த வழவழப்பான புல்லில் இரண்டு பந்துகள் கிடந்தன, இரண்டும் உள்ளே போயின, ராயப்பன் கொடிக்கம்பத்தை இரண்டாவது பந்து விழுந்த பிறகே திரும்ப நட்டான். ஹாலன் பென்சிலை எடுத்தான். "என்ன?" என்றான் கார்டைப் பார்த்துக்கொண்டு. நாலு என்று வந்தது, எந்தக் குரல் என்று சொல்ல முடியாத, டூரில் எல்லோருக்கும் இருக்கிற, தலை குனிந்தவர்களுடைய குரலில். எழுதினான். எதிர்ப்பக்கத்திலிருந்து "என்ன?" என்று வந்தது. "நாலு," என்றான் ஹாலன்.

வேதமுத்து சின்ன வண்டியில் கூடவே வந்தார். யாருடைய கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

பத்தாம் குழியில் ராயப்பன் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கிற சாக்கில் காதோடு சொன்னான். "அண்ணே, அவன் கார்டு உங்க கையில. குறைச்சு எழுதினாத்தான் ஆளைத் தூக்குவாங்க. கூட எழுதினா கூட எழுதினதே நிக்கும், விதியே அப்படித்தான். ஒண்ணு ஏத்துங்க. கையெழுத்துப் போடறப்ப அவன் கேக்கட்டும், கேக்க வாய் இருந்தா."

"அடுத்தவன் கார்டுல நான் கை வைக்க மாட்டேன்."

"அடுத்தவன் எங்கண்ணே இருக்கான்?"

"கார்டு இருக்கில்ல."

ராயப்பன் பாட்டிலை மூடினான். பன்னிரண்டாம் குழிவரை இருவரும் சமம். பன்னிரண்டு முடிந்ததும், முன்னால் போன குழு தாமதம் செய்கிறதென்று வேதமுத்து வண்டியை விரட்டிக்கொண்டு போனார். பதின்மூன்றில் ஹாலனின் இரண்டாவது அடியில் பந்து வலப்பக்கத்துச் சவுக்கு மரத்தடியில் நீளப் புல்லுக்குள் போய்க் கிடந்தது. ராயப்பன் பத்தடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு ஈரத் துண்டில் மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஹாலன் பந்துக்குப் பின்னால் மட்டையை மெல்ல வைத்தான், புல் அழுந்தியது, பந்து ஒரு விரற்கடை உருண்டது. இப்படி உருண்டால் பந்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு ஓர் அடி தண்டனையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஹாலன் விதியின் முதல் பாதியைச் சரியாகச் செய்தான். பிறகு அருமையான ஓர் அடி அடித்து, இன்னொன்றில் குழியை முடித்தான்.

"என்ன?" என்று வந்தது.

"நாலு," என்றான் ஹாலன்.

அதற்குப் பிறகு பதினேழாம் குழியில் பூவராகனின் பந்து குழியின் விளிம்பில் நின்றுபோனது. ஹாலன் தன் மனதில் கூட்டிப் பார்த்தான்: தனக்கு எழுபது, பூவராகனுக்கு எழுபத்தொன்று. பதினெட்டிலிருந்து கூடாரம்வரை இருநூறு கஜம் நடக்கும்போது அவன் தோளில் வலியே இல்லை.

கூடாரத்தில் ஒரு மேசை, மூன்று நாற்காலி. வேதமுத்து ஒன்றில் இருந்தார். ஹாலன் ஒன்றில் உட்கார்ந்து, தான் எழுதிய பூவராகனின் கார்டில் மார்க்கராகக் கையெழுத்திட்டு மேசையில் வைத்தான். எழுபத்தொன்று, அதில் ஒரு குறையும் இல்லை. தன் கார்டு ஏற்கெனவே மேசையில் கிடந்தது. மார்க்கர் கையெழுத்து எல். பூவராகன். ஹாலன் முதல் குழியிலிருந்து விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தான். பதின்மூன்றில் விரல் நின்றது.

ஐந்து என்று எழுதியிருந்தது.

"என்னவே?" என்றார் வேதமுத்து.

"பதிமூணு."

வேதமுத்து எட்டிப் பார்த்தார். "நீர் எவ்வளவு சொன்னீரு?"

"நாலு சொன்னேன்."

"அவர் அஞ்சு எழுதியிருக்காரு." வேதமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார், பத்து மாதமாக அவர் காத்திருந்த இடம் இது. "மார்க்கர் தப்பா எழுதினா இங்கயே திருத்தலாம். மார்க்கர்கிட்ட நான் கேக்கணும், அவர் பதில் சொல்லணும். அவரைக் கேக்க முடியாதுன்னா உம்ம வார்த்தைதான் எனக்கு. நாலுன்னு சொல்லும், நாலுன்னு போட்டு நான் சுருக்கொப்பம் வைக்கேன். நீர் எழுபது, அவர் எழுபத்தொண்ணு. சோலி முடிஞ்சுது."

ஹாலன் மூன்றாவது நாற்காலியைப் பார்த்தான். பருவம் முழுக்க யாரும் அப்படிப் பார்த்ததில்லை. தொப்பிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தேடுகிற பார்வை இல்லை அது, தெரிந்த ஆளிடம் கோபித்துக்கொள்கிற பார்வை.

"எங்க நின்னு பாத்தீங்க?" என்றான் நாற்காலியிடம்.

வெளியே யாரோ சிரித்தார்கள், வேறு எதற்கோ.

"ஹாலன்," என்றார் வேதமுத்து, குரலை இறக்கி. "பாத்தவன் யாருமில்லைன்னா, பாத்ததும் ஒண்ணுமில்ல."

"பந்து நகந்துச்சு சார்." ஹாலன் பேனாவை எடுத்தான். "புல்லை அமுக்கினேன், நகந்துச்சு. அஞ்சுதான்."

கையெழுத்திட்டான். எழுபத்தொன்று, எழுபத்தொன்று. வேதமுத்து இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எவனும் தனக்கு விரோதமாகச் சாட்சி சொல்ல ஓர் ஆளை உண்டாக்கமாட்டான் என்ற முடிவுக்கு வந்தார். ஆகவே ஹாலன் குற்றவாளி இல்லை. ஆகவே பூவராகன் இருக்கிறார். ஆகவே அறுபதாவது இடம் அவருடையது. கணக்கு வாத்தியாருக்கு இதில் ஒரு படியும் தவறாகப் படவில்லை. பட்டியல் சாயந்திரம் நாலு மணிக்குப் பலகைக்குப் போனது. ஹாலன்மேல் அதுவரை சந்தேகப்பட்டவர்கள் எல்லாம் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், ஷௌக்கத் கட்டிப் பிடித்துக்கொண்டார், டூரிலேயே சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஒரே ஆள் நீதான் என்றார், அதற்கு மறுநாளிலிருந்து அவன் டூரில் இல்லை.

ராயப்பன் வாகனம் நிறுத்துமிடத்தில் பையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு மட்டை உறையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஹாலன் வந்து பக்கத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தான். மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

"கேள்விப்பட்டேன்," என்றான் ராயப்பன்.

"ம்."

"நாலுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். வாத்தியாரே எடுத்துக் கொடுத்தாராமே."

"பாத்துட்டான், ராயப்பா. என்ன பண்ணச் சொல்ற."

"அவன் எங்கண்ணே பாத்தான். நான்தான பக்கத்துல நின்னேன்."

ஹாலன் திரும்பி அவனைப் பார்த்தான். ராயப்பன் நூலைப் பிரிப்பதை நிறுத்தவில்லை.

"நீ மட்டையைத் துடைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் பாத்து நின்ன."

"மொதல்ல அந்தப் பக்கம்தான் பாத்து நின்னேன்."

"அப்புறம்?"

"துண்டு காஞ்சுபோச்சு. பாட்டில் எடுக்கத் திரும்பினேன்."

பார்க்கிங்கில் ஒரு கார் பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, மறுபடி பின்னால் எடுத்தது. அது போகும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உருண்டதைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எத்தனை?"

"அஞ்சு."

"பாத்துட்டு ஏன்டா சொல்லல?"

ராயப்பன் உறையை மட்டையில் மாட்டி, ஒரு தட்டுத் தட்டினான்.

"நீங்க என்னைக் கேக்கலையேண்ணே," என்றான்.